செவில் தெருவில் நாரத்தை வாசனை

தெருவில் உருண்டு கிடந்த ஆரஞ்சு ஒன்றை எடுத்து என் மகள் நகத்தால் கீறினாள். நான்கு வயது, எது கையில் கிடைத்தாலும் கீறிப் பார்ப்பாள். தோலின் எண்ணெய் தெறித்து வாசனை எழுந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கடை ஆரஞ்சின் இனிப்பு வாசனை இல்லை அது. தஞ்சாவூர் வீட்டு மொட்டைமாடியில், பங்குனி வெயிலில், அம்மா முறத்தில் பரப்பி வைக்கும் உப்பு நாரத்தங்காயின் வாசனை. கண் கலங்கியது தெரியாமலிருக்க, மகளின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறோம். ஜனவரியில் அங்கே மாலை நான்கு மணிக்கே தெருவிளக்கு எரியும். உடம்பில் கொஞ்சம் வெயில் படட்டும் என்று எடின்பரோவில் விமானம் ஏறி நான்கு நாட்களுக்கு ஸ்பெயினின் செவில் நகருக்கு வந்திருந்தோம். டண்டி பழகிவிட்டது என்று அம்மாவிடம் வாராவாரம் சொல்வேன். அது பொய் இல்லை. டே ஆற்றுக் காற்றில் குடை நிற்காது என்று தெரிந்து தொப்பியோடு நடக்கப் பழகினேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லப் பழகினேன். ஓட்ஸ் கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடிக்கிறவர்கள் என்பதால் அந்த மனிதர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு. ஆனால் இந்த ஆறு ஆண்டுகளில் எதையும் நான் வெயிலில் காயவைத்ததில்லை. வடகம் இட்டதில்லை, மோர்மிளகாய் போட்டதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவருவதை எண்ணி எண்ணித்தான் எடுக்கிறோம்.

பழத்தை நான் முகர்ந்துகொண்டே நிற்பதைப் பார்த்து, தெரு பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் வேண்டாம் என்று கையசைத்தார். முகத்தைச் சுளித்துக் காட்டி "நரான்ஹா அமார்கா" என்றார். அமார்கா என்றால் கசப்பு. நரான்ஹா என்றால் ஆரஞ்சு. நரான்ஹா, நாரத்தங்காய், நரான்ஹா, நாரத்தங்காய். தெருக்கோடி வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். அன்றிரவு என் கணவர் தேடிப் படித்துச் சொன்னார். ஸ்பானியச் சொல் அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகம் கொடுத்தது. பாரசீகத்துக்கு முன்னால் சமஸ்கிருதத்தின் நாரங்கம். அதற்கும் அடியில் கிடப்பது ஒரு திராவிடச் சொல் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. என் அம்மாவின் ஊறுகாய் ஜாடியில் இருக்கும் சொல், எனக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து குடியேறி, ஒரு வயதான அம்மாளின் வாயில் புழங்கிக்கொண்டிருக்கிறது.

மரத்தைக் கொண்டுவந்து நட்டவர்களும் அரபியர்தான். நாம் உரித்துத் தின்னும் இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுக்கு வந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. நம் நாரத்தையேதான் இது என்று சொல்ல மாட்டேன். தாயாதி என்று சொல்லலாம். ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். காம்பில் சிறகுபோல் ஒரு குட்டி இலை. கசக்கினால், நாரத்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது உரலிலிருந்து வருகிற அதே மணம்.

செவில் தெருக்களில் இந்த மரங்கள் 40,000க்கும் மேல் இருக்கின்றன. அத்தனையும் குளிர்காலத்தில் பழுத்துத் தொங்குகின்றன. யாரும் தொடுவதில்லை. கசப்பு, போதாததற்கு வண்டிப் புகை. நகராட்சி ஆட்கள் பறித்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். 2021-இல் இந்தப் பழச்சாற்றைப் புளிக்கவைத்து, அதில் வரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. தலைக்குமேல் இத்தனை பழம். கீழே கல்தரை முழுக்க மஞ்சள் வெயில். இரண்டையும் இயற்கை ஒரே இடத்தில் கொடுத்திருக்கிறது. ஒருபிடி உப்பு மட்டும்தான் குறை. ஜனவரி வெயிலுக்குக் கழுத்துத் துணியும் மேலங்கியுமாக அந்த ஊர்க்காரர்கள் நடக்க, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நான் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனேன்.

பார்க்க வேண்டியவற்றையும் பார்த்தோம். பேராலயத்தின் கிரால்டா கோபுரத்தில் படிக்குப் பதில் 35 சாய்தளங்கள். மகளைத் தோளில் வைத்துக்கொண்டே மேலே ஏறிவிட முடிந்தது. ஜனவரி 5 மாலை, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலத்தில் மிட்டாயை வாரி இறைத்தார்கள். அவள் இரண்டு பைகளையும் நிரப்பிக்கொண்டாள். என்னைக் கட்டிப்போட்டது பேராலயத்தின் ஆரஞ்சு முற்றம். 12-ஆம் நூற்றாண்டில் அங்கே பள்ளிவாசல் இருந்தபோது தொழுகைக்கு முன் கைகால் கழுவிய இடம். செங்கல் தரையில் மரத்துக்கு மரம் சிறு வாய்க்கால் ஓடுகிறது. ஒரு பாத்தி நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். தாத்தா தென்னந்தோப்பில் மண்வெட்டியோடு நின்று மடை மாற்றிவிடுவார். நாங்கள் வெறுங்காலோடு தண்ணீருக்கு முன்னால் ஓடுவோம். மகள் அந்த வாய்க்காலின் விளிம்பில் கைகளை விரித்தபடி நடந்தாள். ஓடிப் பார் என்றேன். எதற்கு என்று கேட்டாள்.

குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். மரத்தைக் காட்டியதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காயாகக் கிடைக்காதா, எல்லாம் பழுத்துவிட்டதே. பிறகு முறையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் கேட்கவேயில்லை. சுருளாக நறுக்கு, துண்டாகிவிடக் கூடாது. உப்பை உள்ளே திணி. மூன்று நாள் ஜாடியில் ஊறட்டும். பிறகு பகலில் வெயில், இரவில் அதே உப்புத் தண்ணீர். தண்ணீர் வற்றும்வரை. காய்ச்சல் வந்து நாக்கு மரத்துக் கிடக்கும் நாட்களில், நொய்க்கஞ்சியோடு அதில் ஒரு சுருளைப் பிய்த்து அம்மா வாயில் வைப்பார். வாய்க்கு உயிர் வந்துவிடும்.

டண்டிக்குத் திரும்பிய மறுநாள் காய்கறிக் கடைக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பெட்டி. 'செவில் ஆரஞ்சு' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் சில வாரங்கள் மட்டும், மர்மலேட் என்னும் ஆரஞ்சுத்தோல் ஜாம் காய்ச்சுவதற்காக வருமாம். 1797-இல் கைலர் குடும்பம் மர்மலேட் தொழில் தொடங்கிய ஊர் இது. ஆறு ஆண்டுகளாக அந்தப் பெட்டியைக் கடந்து போயிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, கையால் காய்ச்சியது என்று ஆண்டுதோறும் ஒரு சீசா கொடுப்பார். ஜாம்தானே என்று அலமாரியில் பின்னால் தள்ளி வைத்துவிடுவேன். அன்று ஒன்றைத் திறந்து தோலை மட்டும் எடுத்து மென்றேன். சர்க்கரைக்கு அடியில் அந்தக் கசப்பு இருந்தது. இத்தனை நாள் திறக்காமல் வைத்திருந்தது மனத்தை உறுத்தியது. பாட்டியிடம் போய் அதைச் சொன்னேன். இன்னொரு சீசா கொடுத்தார்.

எட்டுப் பழம் வாங்கினேன். சுருளாக நறுக்கினேன், அவற்றில் இரண்டு பழங்கள் துண்டாகிவிட்டன. மூன்று நாள் ஊறிற்று. அதற்குப் பிறகு இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்தது. அம்மா காலையும் மாலையும் அழைத்து வெயில் வந்ததா என்று கேட்டார். இன்று பதினொன்றரைக்கு வந்தது. இந்த ஊரில் குளிர்காலச் சூரியன் மிகத் தாழ்வாகப் போவதால் வெயில் சன்னல் வழியாக அறையின் உள்சுவர்வரை எட்டும்; ஆனால் ஓரிடத்தில் நிற்காது. சோபாவில் பட்டது. அங்கே தட்டை வைத்தேன். தரைக்கு நகர்ந்தது. மகள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தரைக்கு மாற்றினாள். இரண்டு மணிவரை வெயிலைத் துரத்திக்கொண்டு அறை முழுக்க ஓடினாள்.