ஹேண்டில் கம்பெனி கணக்கு, டோ நம்ம கணக்கு: கிரிக்கெட் பேட் வாரண்டி வாங்கின கதை

பேட் வாங்குறப்ப "வாரண்டி இருக்கு சார்"னு கடைல சொல்றது பொய் இல்ல. எதுக்கு இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. நாமளும் அந்த நேரத்துல பால் பட்டா வர்ற பிங் சத்தம் எப்படி இருக்கு, எட்ஜ் எவ்ளோ தடிமன், மரத்துல க்ரெயின் கோடு எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருப்போமே தவிர அட்டைப்பெட்டிக்குள்ள கிடக்குற அந்தச் சின்ன கார்டை எடுத்துப் படிக்கிற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

நான் சென்னைல கீழ் டிவிஷன் லீக் ஆடுறேன், மத்த வாரம் ஆபீஸ் டீமுங்க ஆடுற கம்பெனி மேட்ச். போன சீசனுக்கு முன்னாடி ஒரு இங்கிலீஷ் வில்லோ மரத்து பேட் வாங்கினேன், கிரேடு 2, பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. எங்கப்பா விலையைக் கேட்டுட்டு "இந்தக் காசுக்கு ஒரு கட்டிலே செஞ்சிருக்கலாமேடா"ன்னாரு. வாங்குறப்ப கடைக்காரர் பில் இல்லாம எடுத்தா இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தரேன்னு இழுத்தாரு, நான் ஜிஎஸ்டி பில்லே போடுங்கன்னுட்டேன். பின்னாடி கிளெய்ம் நின்னதே அந்தப் பில் மேலதான், அதனால இதை முதல்லயே சொல்லிடறேன், பில் இல்லாத பேட்டுக்கு வாரண்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கார்டுல என்ன அச்சடிச்சிருந்தாலும் சரி.

பிரச்சனை சத்தத்துலதான் ஆரம்பிச்சுது. நடு பேட்ல பட்டாலும் "டொக்"னு ஒரு செத்த சத்தம், கை மணிக்கட்டு வரைக்கும் விர்ருனு அதிருது. முதல்ல க்ரிப்தான் தேஞ்சிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. க்ரிப்பை உருட்டி கழட்டிட்டு பேட்டைத் தரையில சாய்ச்சு வெச்சு ஹேண்டிலை லேசா அழுத்திப் பாத்தா உள்ளேர்ந்து கிரீச்சுனு கேக்குது, பிளேடோட தோள்பட்டைக்கு கொஞ்சம் மேல நூல் சுத்தி இருக்குற இடத்துல மயிரிழை மாதிரி ஒரு இடைவெளி. அப்பவே தெரிஞ்சுபோச்சு ஹேண்டில் போயிடுச்சுன்னு.

தெரியாதவங்களுக்காக: ஹேண்டில் வில்லோ கிடையாது, பிரம்பு. பிரம்புத் துண்டுகளை ஒட்டி, நடுநடுல அதிர்ச்சி தாங்க ரப்பர் பட்டை வெச்சு, கீழ் முனையை வி மாதிரி சீவி, பிளேடுல அதே வி அளவுக்கு வெட்டின பள்ளத்துல பசை போட்டு இறக்குவாங்க. அதுதான் ஸ்ப்ளைஸ். அதுக்கு மேல மெழுகு நூல் சுத்துறாங்க. பிரம்புக்கு நடுவுல பசை சரியா பிடிக்கலேன்னாலோ, வி சரியா உட்காரலேன்னாலோ, அடிக்க அடிக்க விடும். இது ஆடுறவன் கையில இல்ல, செஞ்சவன் கையில இருக்குற விஷயம், அதனாலதான் கம்பெனிங்க வாரண்டின்னு ஒண்ணு குடுத்தா பெரும்பாலும் ஹேண்டிலுக்குத்தான் குடுப்பாங்க.

ஆனா என் கதைல ஒரு சிக்கல். அதே பேட்ல டோவுலயும், அதாவது பிளேடோட கீழ் முனையிலயும், ஒரு வெடிப்பு இருந்துச்சு. கம்பெனி மேட்ச்ல ஒருத்தன் போட்ட யார்க்கர், பேட்டை கரெக்டா இறக்கிட்டேன், விக்கெட் தப்பிச்சுது, டோ தப்பிக்கல. கீழேர்ந்து மேல ஒரு ரெண்டு இன்ச்சுக்கு கோடு ஓடுது. அந்த மேட்ச்சுங்கள்ல வர்ற பாலெல்லாம் கல்லு, யாரு தைக்கிறாங்களோ தெரியல.

இப்ப கார்டை எடுத்துப் படிச்சேன். ஆறு மாசம், ஹேண்டில் உடைஞ்சா அல்லது தயாரிப்புக் குறைன்னு தெரிஞ்சா மட்டும். மேற்பரப்பு வெடிப்பு, எட்ஜ் வெடிப்பு, டோ, யார்க்கர் அடி, ஈரம், நாக்கிங் (புது பேட்டை மேலட்ங்கற மரச்சுத்தியால தட்டிப் பதப்படுத்துறது) சரியா பண்ணாதது, மட்டமான பால், இதெல்லாம் கிடையாது. வில்லோ இயற்கைப் பொருள்னு ஒரு வரி வேற. படிக்கக் கடுப்பா இருந்தாலும் அதுல நியாயம் இருக்கு. வில்லோவை பிரெஸ்ல அமுக்கித்தான் பேட் ஆக்குறாங்க, ஆனாலும் அது மெத்து மரம், 160 கிராம் பால் வேகமா வந்து கீழ் விளிம்புல மோதினா எந்த மரமும் வெடிக்கும். டோவுக்கு வாரண்டி கேக்குறவங்களைப் பாத்தா எனக்குக் கம்பெனிக்காரன் மேலதான் பாவமா இருக்கும்.

சரி, டோ நம்ம செலவு, ஹேண்டில் அவங்க செலவு. எதை முதல்ல பண்றது? பேட் ரிப்பேர் பண்ற பாய் ஒருத்தர் இருக்காரு, பெரியமேடு பக்கம், எங்க டீம்ல பாதி பேட் அவர் கையாலதான் உயிரோட இருக்கு. டோவைக் காட்டினேன். பாத்துட்டு டோ பக்கமே போகல, நேரா ஹேண்டிலைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிட்டு "தம்பி, வாரண்டி இருக்கா"ன்னாரு. இருக்கு பாய்னேன். "அப்ப என்கிட்ட குடுக்காதே. நான் ஒரு சொட்டு பசை விட்டாக்கூட வெளியில பிரிச்சுட்டான்னு எழுதி திருப்பி அனுப்பிடுவான். நூலையும் பிரிக்காதே. அவன் ஹேண்டில் போட்டு அனுப்பட்டும், டோவை அப்புறம் பாத்துக்கலாம்." வர்ற காசை வேணாம்னு திருப்பி அனுப்புற மனுஷன்! அதுவரைக்கும் டோவுக்கு மேல டேப் மட்டும் ஒட்டிக்கோ, ஈரம் ஏறாதுன்னும் சொன்னாரு.

கடைக்குப் போனா அவங்க "கம்பெனிக்கே மெயில் போட்டுடுங்க"ன்னு கை கழுவிட்டாங்க. கம்பெனி மீரட்ல. மெயில்ல பில், சீரியல் நம்பர் ஸ்டிக்கர், போட்டோ, ஹேண்டிலை அழுத்துறப்ப சத்தம் கேக்குற மாதிரி வீடியோ, எல்லாம் போட்டேன். வீடியோ கண்டிப்பா எடுங்க, ஹேண்டில் உடைஞ்சது பாதி நேரம் போட்டோல தெரியாது, நூலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், சத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

பதில் வந்துச்சு. ரிஜெக்ட். காரணம்: டோவுல வெடிப்பு இருக்கு, அது வழியா ஈரம் உள்ள போய் ஹேண்டில் ஒட்டு விட்டுடுச்சு, நாக்கிங்கும் சரியா பண்ணல. எழுதினவரு என் பேட்டைக் கையில தொட்டுக்கூட பாக்கல.

எனக்கு இந்த இடத்துலதான் சூடாச்சு. ஆனா திட்டி மெயில் போட்டா பிரயோஜனம் இல்லன்னு டேப் அளவு எடுத்தேன். தச்சர் டேப்பை பேட் மேல நீட்டி வெச்சு ஒரே போட்டோ. டோவுல வெடிப்பு முடியுற இடம், ஸ்ப்ளைஸோட வி முனை முடியுற இடம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடிக்கு மேல சுத்தமான மரம். ஈரம் ஏறினா முதல்ல டோ ஊதும், பிளேடை விட அகலமா பிதுங்கும், என் பேட்ல அது இல்ல, அதுக்கும் ஒரு போட்டோ. நாக்கிங்குக்கு, மேலட் வெச்சு நாக்கிங் பண்ணாத பேட்டுன்னா எட்ஜ்தான் முதல்ல தெறிக்கும், ரெண்டு எட்ஜும் சுத்தமா இருக்குன்னு காட்டினேன். பேட்டுக்குத் தடவுற லின்சீட் ஆயிலை ஸ்ப்ளைஸ் மேல விட்டா பசை இளகும்னு அவங்க கார்டுலயே போட்டிருக்கு, அந்த இடத்துல எண்ணெய் கறையே இல்லங்கறதையும் எழுதினேன். கடைசியா ஒரே ஒரு கேள்வி: டோ வெடிப்புக்கு நான் எதுவும் கேக்கல, ஹேண்டில் உங்க கார்டுல இருக்கா இல்லையா?

அதுக்குப் பதிலே இல்ல. போன் பண்ணா "டெக்னிக்கல் டீம் பாக்குறாங்க சார்". இந்த டெக்னிக்கல் டீம் எந்த ஊர்ல இருக்காங்கன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

எங்க கேப்டன் "விடு மச்சான், புதுசு ஒண்ணு வாங்கிடு"ன்னான். அவனுக்கு என்ன, ஸ்பான்சர் குடுக்குறாங்க. நான் 1915க்கு போன் போட்டேன். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். பில் விவரம், கம்பெனி பேரு, என்ன வேணும்னு கேட்டு புகாருக்கு ஒரு டாக்கெட் நம்பர் குடுத்தாங்க. இதைப் பத்தி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, போன் பண்ணா கம்பெனிக்கு ஃபைன் போட்டுடுவாங்கன்னு. அப்படி இல்ல. அவங்க தீர்ப்பு சொல்ற இடம் இல்ல, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தர்ற இடம். அதுல நடக்கலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல. ஆன்லைன்ல வாங்கினவங்களுக்கு இன்னொரு வசதி, 2020 ஈ-காமர்ஸ் விதிப்படி அந்தத் தளத்துல புகார் அதிகாரி ஒருத்தர் இருந்தே ஆகணும், 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல முடிக்கணும். எனக்கு ஆணையம் வரைக்கும் போற அவசியம் வரல. டாக்கெட் நம்பரை அதே மெயில்ல போட்டு அனுப்பினதுமே தூங்கிக்கிட்டு இருந்த டெக்னிக்கல் டீம் எழுந்துட்டாங்க. ஹேண்டில் மாத்தித் தர்றோம், டோ கவர் ஆகாது, அனுப்புற கூரியர் உங்களது, திரும்பி வர்றது எங்களது. முழுசா புது பேட்டே கேக்கணும்னு டீம்ல சிலர் ஏத்திவிட்டாங்க. நான் கேக்கல. பிளேடு எனக்குப் பிடிச்ச பிளேடு, ஒரு சீசன் பால் பட்டு நல்லா பதமாகி வர்ற நேரம், அதைக் குடுத்துட்டு முகம் தெரியாத வில்லோவை வாங்கி முதல்லேர்ந்து மேலட்டால தட்டவா?

அனுப்புறதுலயும் ஒரு விஷயம். கூரியர்ல எடைக்கு மட்டும் காசு இல்ல, பெட்டி அளவை வெச்சும் கணக்கு போடுவாங்க, பெரிய பெட்டில போட்டா பேட் எடையை விட பல மடங்குக்கு பில் வரும். பழைய பேட் அட்டையையே மடிச்சு ஒடுக்கமா கட்டி, தரை வழி சர்வீஸ்ல போட்டேன். பேக் பண்றதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, டோ வெடிப்பு எங்க முடியுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு அதையும் எடுத்தேன், திரும்பி வர்றப்ப வெடிப்பு பெரிசாயிருந்தா பேசறதுக்கு ஆதாரம் வேணும்ல.

பேட் வந்துச்சு. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. பழைய ஹேண்டிலை ஸ்ப்ளைஸோட எடுத்துட்டு புதுசு இறக்கியிருந்தாங்க, வி கோட்டுல கண்ணுக்குத் தெரியற இடுக்கு இல்ல. ஆனா ஹேண்டில் முன்ன இருந்ததை விட தடிமன், கொஞ்சம் உருண்டை. அம்மாவோட கிச்சன் தராசுல போட்டுப் பாத்தா 1180 கிராம் இருந்தது 1200ஐத் தாண்டிருச்சு. வேடிக்கை என்னன்னா தூக்குறப்ப முன்னை விட லேசா தெரியுது, கூடின எடை எல்லாம் கைக்குள்ள இருக்கறதால. ரெண்டு க்ரிப் போடற பழக்கம் எனக்கு, இதுல ஒண்ணு போதும்னு ஆயிடுச்சு.

அப்புறம் பாய். டோவை ஈரம் இல்லாம ரெண்டு நாள் நிழல்ல வெச்சுக்கிட்டாரு. வெடிப்பை லேசா விரிச்சு உள்ள பசையை ஊசில ஏத்தி, கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க இறுக்கி, மேல வில்லோ தூளும் பசையும் கலந்து அடைச்சு தேய்ச்சு, டோவுக்கு மேல நூல் சுத்தி, கடைசியா டோ கார்டு, அதாவது கீழ் முனைல ஒட்டுற பாதுகாப்புப் பட்டை. தடிமனா போடுங்க பாய்னேன், மாட்டேன்னுட்டாரு. கிரிக்கெட் சட்டம் எழுதுற எம்சிசியோட விதில டோவுல ஒட்டுற பாதுகாப்புக்கு 3 மில்லிமீட்டர்தான் உச்சம், அம்பயர் பாத்துட்டா உன் தலைவலின்னாரு. டீம்ல ஒரு பையன் பின்பக்கம் கார்பன் பட்டை ஒட்டிட்டா வெடிக்கவே வெடிக்காதுன்னு யோசனை சொன்னான். அதெல்லாம் 2006லயே ஆஸ்திரேலியா கேப்டன் பாண்டிங் பேட்டை வெச்சு பெரிய பஞ்சாயத்து நடந்து, அந்த கிராஃபைட் பட்டை கூடாதுன்னு முடிஞ்சு போன விஷயம்னு அவனுக்குச் சொன்னேன். அவன் பொறந்தே ரெண்டு மூணு வருஷம்தான் ஆயிருக்கும் அப்போ.

பாய் வாங்கினது எண்ணூறு ரூபா, அதுல டோ கார்டும் சேத்தி. நூலுக்கு மேல இன்னொரு பென்சில் கோடு போட்டுக் குடுத்திருக்காரு, வெடிப்பு அதைத் தாண்டினா உடனே கொண்டா, அதுக்கு மேல ஒரு மேட்ச்கூட ஆடாதேன்னு. சீசன்ல இருக்குற மேட்ச்சுக்கெல்லாம் அதே பேட்டுதான் போகுது, நெட்ஸ்க்கு மட்டும் பழைய காஷ்மீர் வில்லோ. புது ஹேண்டிலுக்கு புதுசா ஆறு மாசம் உண்டான்னு கம்பெனிக்கு மெயில் போட்டேன், பழைய பில் தேதிலேர்ந்துதான் கணக்குன்னு பதில் வந்துச்சு, அந்த ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சாச்சு. இனிமே ஹேண்டில் போனாலும் பாய்கிட்டதான்.