9பெர் செய்த வேலை: பாஸோன் குடும்ப மரம், நான்காம் மாத நிலவரம்

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சுக்காரர் காலத்தில் வேர்விட்ட பாஸோன் குடும்பத்தின் மரத்தைப் பழைய தேவாலயப் பதிவேடுகளிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறேன். நான்கு மாதமாக இழைத்து இழைத்துக் கட்டிய அட்டவணையில் 38 தேதிகள் தப்பு. நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத் தெரிந்தது. அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். 17-ஆம் நூற்றாண்டு டச்சு எழுத்தர்களுக்கு மாதப் பெயரை முழுசாக எழுதச் சோம்பல். 7 போட்டுப் பக்கத்தில் ‘பெர்’ என்று இழுத்துவிடுவார்கள். 8பெர், 9பெர் அதே மாதிரி. பத்துக்குப் பெரும்பாலும் ரோமன் எண். நான் 9பெர் என்றால் ஒன்பதாம் மாதம், செப்டம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். அது நவம்பர். மார்ச்சை முதல் மாதமாக எண்ணிய பழைய ரோமானியக் கணக்கின் மிச்சம். லத்தீனில் ‘நோவெம்’ என்றால் ஒன்பது. பெயரிலேயே விடை இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

எப்படிப் பிடிபட்டது என்றால், பயிற்சிக்காக எடுத்துவைத்திருந்த வேறொரு குடும்பத்தில் கல்யாணம் அக்டோபர் என்று முழு எழுத்தில் இருந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் அதே வருடம் 9பெர். என் கணக்கில் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே குழந்தை! அதை வைத்து மனதுக்குள் ஒரு முழு நீளக் கிசுகிசுவே ஓட்டிவிட்டேன். உண்மையில் கல்யாணம் முடிந்த மறு மாதம். அதுவும் கொஞ்சம் அவசரக் கேஸ்தான், ஆனால் நான் கட்டிய கதை அளவுக்கு இல்லை.

சரி, பாஸோன் குடும்பத்துக்கு வருகிறேன். கேப் பக்கம் நோண்டுகிறவர்களுக்கு அன்சேலா வான் பெங்காலேயை அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்கு நாலு வரி: பீட்டர் கெம்ப் என்ற கப்பல் தலைவர் 1657-இல் கேப் டவுனுக்குக் கொண்டுவந்து, அங்கே டச்சுக் குடியேற்றத்தின் தலைவராக இருந்த வான் ரீபேக்கிடம் அடிமையாக விற்ற வங்காளப் பெண். ரீபேக் 1662-இல் கிளம்பும்போது அவள் ஆபிரகாம் காபெமா என்ற டச்சு அதிகாரி கைக்குப் போகிறாள். அவர் 1666-இல் அவளையும் மூன்று பிள்ளைகளையும் விடுவிக்கிறார். அடுத்த வருடம் அவள் பெயரில் ஊருக்குள் ஒரு மனை. 1668-இல் ஞானஸ்நானம், 1669 டிசம்பரில் வேஸல் ஊரிலிருந்து வந்த அர்னோல்டஸ் வில்லெம்ஸ் பாஸோனுடன் திருமணம். தென்னாப்பிரிக்க பாஸோன்கள் அவ்வளவு பேரும் இந்த ஜோடியிலிருந்து கிளைத்தவர்கள்.

என் தலைவலி பாஸோனுக்கு முந்தைய பிள்ளைகள், குறிப்பாக மூத்தவள் அன்னா டி கோனிங். 1661 வாக்கில் பிறந்தவள். அப்பா யார்? அந்த ஒரு கட்டத்தைத்தான் நான்கு மாதமாகச் சுற்றி வருகிறேன்.

கேப் தேவாலயப் பதிவேடு 1665-இல் தொடங்குகிறது. அந்த வருடம்தான் யோவான் வான் ஆர்க்கல் என்ற முதல் நிரந்தரப் போதகர் வந்தார். அதற்கு முன் இருந்தவர்கள் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்கிற ஊழியர்கள். ஜெபம் சொல்லலாம், ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. போதகரை ஏற்றிக்கொண்டு கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால்தான் உண்டு. அன்னா பிறந்தது சரியாக அந்த இருட்டில். போதாக்குறைக்கு, கல்யாணமாகாத அடிமைப் பெண்ணின் பிள்ளை என்றால் பெரும்பாலும் அம்மா பெயரோடு நிறுத்திவிடுவார்கள்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம்: கையெழுத்து. பதிவேடுகளைத் தென்னாப்பிரிக்க ஆர்வலர்கள் அழகாகப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துப் போட்டால் வேலை ஒரு வாரத்தில் முடியும். ஆனால் அசல் படத்தைப் பார்த்து நானே படிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அதில் நெட்டுக்கோடுகள்தான் எமன். ‘எம்’ மூன்று கோடு, ‘என்’ இரண்டு, ‘யு’ இரண்டு, ‘ஐ’ ஒன்று. நாலும் அடுத்தடுத்து வந்தால் வேலிக் கம்பு நட்ட மாதிரி எட்டுக் கோடு நிற்கும். எங்கே வெட்டுவது? சில எழுத்தர்கள் ‘யு’ மேல் சின்னப் பிறை போட்டு உதவுவார்கள். சிலர் அந்தப் பிறையை அடுத்த எழுத்தின் தலையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

ஏடு படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஓலையில் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி, எகர ஏகார வித்தியாசம் இல்லை. ‘கர’ என்று இருக்கிறதா ‘கா’ என்று இருக்கிறதா என்பதை அர்த்தம்தான் சொல்ல வேண்டும். அதே புத்தியைத்தான் இங்கேயும் பாவிக்க வேண்டியிருக்கிறது, என்ன, அர்த்தம் சொல்ல எனக்கு டச்சு அரைகுறை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு குழந்தைத்தனமான உத்தி. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி அச்செடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து, 0.3 பென்சிலால் எழுத்தர் கை போன வழியிலேயே போவது. பார்க்கும்போது தெரியாதது எழுதும்போது தெரிகிறது. எங்கே பேனா அழுந்துகிறது, எங்கே தூக்குகிறது, எங்கே மை தீர்ந்து மறுபடி தொட்டுக்கொள்கிறது. ‘என்’னில் கை மேலிருந்து இறங்கித் தோளைச் சுற்றி வரும், ‘யு’வில் கீழே குழிந்து ஏறும். தோள் கூர்மையாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஆனால் பென்சில் நுனிக்குத் தெரிந்துவிடும். முதலில் ‘சாட்சிகள்’, ‘குழந்தை’, ‘தாய்’ என்று பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருகிற சொற்களை இழைத்து, அந்த எழுத்தருக்கென்று தனி அரிச்சுவடி செய்துகொண்டேன். ஆள் மாறினால் அரிச்சுவடியும் மாறும். இதுவரை மூன்று சேர்ந்திருக்கின்றன. கையெழுத்து படிக்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். கொட்டை எழுத்துப் பக்கங்களில் பிரமாதம், பெயர்களில் கவிழ்கிறது. எனக்குப் பெயர்தானே வேண்டும்?

தாள் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கியது டிரேசிங் ஷீட் இல்லை, பட்டர் பேப்பர். பென்சில் வழுக்குகிறது, அழித்தால் கசங்குகிறது. சமோசா மடிக்கத்தான் லாயக்கு. நேராகச் சென்னை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், சுருளாக இல்லாமல் தனித்தாளாகக் கேளுங்கள். சுருள் மேஜையில் படுக்கவே படுக்காது.

அன்னாவின் அப்பாவுக்குத் திரும்புகிறேன். பல வம்சாவளிப் பட்டியல்களில் அந்த இடத்தில் பிரான்சுவா டி கோனிங்க், (இன்றைய பெல்ஜியத்தில் உள்ள) கெண்ட் ஊர்க்காரர் என்று இருக்கும். காரணம் குடும்பப் பெயர் ஒத்துப்போவது. ‘டி கோனிங்’ என்றால் ‘அரசர்’. டச்சுக்காரர்களிடம் நம்மூர் ராஜா மாதிரி சர்வ சாதாரணம். பெயர் ஒற்றுமை ஒரு தடயம், அவ்வளவுதான். என் மென்பொருளில் அப்பா கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பில் கத்துகிறது. பரவாயில்லை, கத்தட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, அம்மா பக்கம்தான் கல்வெட்டு மாதிரி உறுதி. பெரும்பாலான குடியேற்றக் குடும்பங்களில் மனைவி வெறும் முதல் பெயரோடு காணாமல் போவாள். அன்சேலா மட்டும் வருடத்துக்கு வருடம் காகிதத்தில் நிற்கிறாள். ஏன்? விற்றார்கள், வாங்கினார்கள், விடுவித்தார்கள், மனை கொடுத்தார்கள். எல்லாமே சொத்து விவகாரம். சொத்து என்றால், கேப்பை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதி வைக்கும். (அதன் டச்சுச் சுருக்கப்படி வி.ஓ.சி. என்று எழுதினால் நம்மவர்களுக்கு வ.உ.சி. ஞாபகம் வரும், அவர் கப்பல் விட்டது வேறு கம்பெனிக்கு எதிராக.) அப்பாக்களை யாரும் விற்கவில்லை, அதனால் ரசீது இல்லை.

பெயர் வைக்கும் முறையும் உதவிக்கு வரும். டச்சுக்காரர்களும் மூத்த பையனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரைத்தான் வைப்பார்கள். அன்சேலா–அர்னோல்டஸின் மூத்த மகன் வில்லெம். அர்னோல்டஸ் ‘வில்லெம்ஸ்’, அதாவது வில்லெம் மகன். தாத்தா பெயர் பேரனுக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று பழகிய நமக்கு இதற்கு உரை தேவையில்லை. மூத்த பேத்திகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் வருவதும் வழக்கம் என்பதால், அன்னாவின் பிள்ளைகள் பெயர்களைத் தனியாக ஒரு தாளில் அடுக்கி வருகிறேன். நான் தேடுகிற அன்னாவின் அப்பா பெயர் அதில் உறுதியாகக் கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

இன்னொரு கண்ணி ‘வான் பெங்காலே’ என்கிற ஒட்டு. பிறந்த ஊரா, வாங்கிய சந்தையா, கப்பல் ஏறிய துறையா? வங்கக் கழிமுகத்தில் அரக்கான் (இன்றைய மியான்மரின் மேற்குக் கரை) கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டுபோன ஆட்களை டச்சுக்காரர்கள் அரக்கானில் வாங்கிய காலம் அது. நம் கரையிலும் இதே கதைதான். பழவேற்காட்டில் கப்பலேறியவர்கள் எல்லாம் பழவேற்காட்டுக்காரர்கள் இல்லை. பஞ்சத்தில் உள்நாட்டிலிருந்து நடந்து வந்து விலைபோனவர்களும் உண்டு. அதனால் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் ‘வங்காளம்’ என்று போட்டிருந்ததை எடுத்து, குறிப்புக் கட்டத்துக்கு மாற்றிவிட்டேன்.

அன்னா 1678-இல் மணந்தது ஊலோஃப் பெர்க் என்ற சுவீடன்காரரை. மனுஷன் தனிக் கதை: உடைந்த போர்த்துகீசியக் கப்பலில் பொருள் மீட்கப் போய், அதில் அமுக்கிக்கொண்டதற்குத் தண்டனை பெற்று, சில வருடம் இலங்கையில் கழித்து, திரும்பிவந்து மறுபடி பெரிய மனிதரானவர். 1716-இல் கான்ஸ்டான்ஷியா பங்களாவை வாங்கினார். அவருக்குப் பின் அது அன்னா கையில். அடிமையாகப் பிறந்தவள் கேப்பின் பெரிய திராட்சைப் பண்ணைக்குச் சொந்தக்காரி. பண்ணையில் வேலை பார்த்தவர்களும் அடிமைகள்தான்.

அந்த வீட்டைக் கட்டிய கேப் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் மேலும் ஒரு கண் இருக்கிறது. 1639-இல் மொரீசியஸ் போகும் வழியில் கடலில் பிறந்தவர். அவருடைய அம்மாவைப் பெற்றவள் மோனிகா ‘வான் டெ குஸ்ட்’, கரைக்காரி. கம்பெனிக் காகிதங்களில் வெறுமனே ‘குஸ்ட்’ என்றால் சோழமண்டலக் கரை. ஆனால் சிலர் அவளைக் கோவாக்காரி என்கிறார்கள், சிலர் ‘ட கோஸ்டா’ என்று எழுதுகிறார்கள். அது போர்த்துகீசியக் குடும்பப் பெயர், அதற்கும் கரை என்றுதான் அர்த்தம். இதைத் தொட்டால் அன்னா அப்படியே நின்றுவிடுவாள் என்று தெரிந்துதான் ஃபோல்டரைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். திறக்காமல் என்றால், இரண்டு தடவைதான் திறந்தேன்.

இப்போதைக்கு 38-இல் 21 தேதிகளைத் திருத்தியாகிவிட்டது. மிச்சம் 17. அதில் மூன்று இடத்தில் எண்ணே 7-ஆ 9-ஆ என்று சந்தேகம். அந்த எழுத்தர் 9-இன் வாலை நேராக இழுக்கிறவர். டிரேசிங் தாள் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஆண்டர்சன் தெரு.