ஓசானாமைத் தேடி வொஜிரார் தெருவுக்கு

பாரிஸுக்குப் போகிற நம்மவர்கள் நோத்ர தாம் பார்ப்பார்கள், குன்றின்மேல் இருக்கும் சக்ரே கேர் பார்ப்பார்கள், ரூ து பாக் தெருவில் அற்புத பதக்க அன்னையிடம் முழங்காலில் நின்றுவிட்டுக் கை நிறைய பதக்கம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அங்கிருந்து கால்மணி நேர நடைதான் வொஜிரார் தெரு, 70ஆம் எண். அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கேதான் ஓசானாமின் கல்லறை. நான் பாரிஸ் போனதே அதற்காகத்தான்.

அப்பா எங்கள் பங்கில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் சபைக் கூட்டம். கடைசியில் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிறகு சைக்கிள் கேரியரில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு வீடு சந்திக்கக் கிளம்புவார்கள். சபையை ஆரம்பித்தவர் புனித வின்சென்ட் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைப்பு. அவர் இறந்தது 1660இல். சபை தொடங்கியது 1833இல். பாதுகாவலர் அவர், தொடங்கியவர்கள் ஒரு கல்லூரிக் கூட்டம். அதில் முன்னால் நின்றவர் பிரெடெரிக் ஓசானாம்.

கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நாலாம் எண் மெட்ரோ நேராகப் போகிறது. பக்கத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தோசை சாப்பிட்டுவிட்டு ஏறினால் சேன் பிளசீதில் இறங்கிச் சற்று நடக்க வேண்டும். சேன் ஜோசப் தே கார்ம், பழைய கார்மெல் சபைத் துறவிகளின் கோயில். இன்று பாரிஸ் கத்தோலிக்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. கோயில் திறந்திருந்தாலும் நிலவறை எப்போதும் திறந்திருக்காது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

கீழே இறங்கியதும் முதலில் எதிர்ப்படுவது எலும்புகள். 1792 செப்டம்பர் 2ஆம் தேதி, பிரெஞ்சுப் புரட்சியின்போது, இந்த மடத்தில் அடைத்து வைத்திருந்த குருக்கள் 100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். வெட்டுப்பட்ட மண்டையோடுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு அங்கே அதிகம் நிற்க முடியவில்லை. அதைத் தாண்டித்தான் ஓசானாம். சுவரில் நல்ல சமாரியர் ஓவியம், அதன் முன்னால் எளிமையான கல்லறை. விசுவாசத்துக்காக உயிர்விட்ட இத்தனை வேதசாட்சிகளுக்கு நடுவில், அங்கியும் குருப்பட்டமும் இல்லாத ஒரு வாத்தியார்.

1813இல் மிலானில் பிறந்து லியோனில் வளர்ந்தவர். அவருடைய அப்பா ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். 1837இல் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் மாடிப்படியில் விழுந்து இறந்தார். மகன் சட்டம் படிக்கப் பாரிஸ் வந்தபோது தங்கியது யார் வீட்டில் தெரியுமா? நாம் பள்ளியில் படித்த ஆம்பியர் வீட்டில். மின்சாரத்தை அளக்கிறோமே, அந்த ஆம்பியரேதான். அவரும் செபமாலை உருட்டுகிறவர்.

காலரா வந்து போன சமயம். மாணவர் விவாத மன்றத்தில் ஒருவர் எழுந்து, உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் சரி, இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். ஓசானாமுக்கு அது சுருக்கென்று தைத்தது. 1833 ஏப்ரல் 23, அவருடைய 20ஆவது பிறந்தநாளன்று, சில நண்பர்களோடு முதல் கூட்டம். என்ன செய்வது, எந்த வீட்டுக்குப் போவது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் பகுதிச் சேரிகளில் வேலை செய்துகொண்டிருந்த ரோசாலி ரெந்து என்ற அருட்சகோதரிதான் குடும்பங்களின் பெயரைக் கொடுத்து, ரொட்டிச் சீட்டும் கொடுத்து அனுப்பினார். சீட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பக் கூடாது, நீங்களே படியேறிப் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இன்று சுமார் 150 நாடுகளில் அதே ஏற்பாடுதான் நடக்கிறது.

இதெல்லாம் பட்டம் வாங்குவதற்கு முந்திய கதை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தியது. சாமியாராகிவிடலாமா என்று சில காலம் யோசித்தவர், 1841 ஜூன் 23இல் அமேலியைக் கைப்பிடித்தார். சோர்போனில் பேராசிரியர் வேலை. இத்தாலியக் கவிஞர் தாந்தே பற்றி ஆராய்ந்தவர். 1845இல் மகள் மரி பிறந்தாள். பாடம் தயாரிக்க வேண்டும், விடைத்தாள் பார்க்க வேண்டும், அதற்கு நடுவில் சபை வேலை. ஒவ்வொரு மாதமும் 23ஆம் தேதி, திருமண நாள் நினைவாக, மனைவிக்குப் பூ கொடுப்பாராம், சாகும்வரை. இதை வீட்டில் சொன்னேன். கிடைத்த பதிலை எழுதப் போவதில்லை.

1848 ஜூனில் பாரிஸ் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை. சமாதானம் பேசும்படி பேராயர் அஃப்ரைக் கேட்கப் போனவர்களில் ஓசானாமும் ஒருவர். பேராயர் துணிந்து போனார், குண்டடிபட்டு இறந்தார். அந்தப் பாரத்தை மனுஷன் எப்படிச் சுமந்தார் என்று கல்லறை முன்னால் நின்றபோது நினைத்தேன்.

சிறுநீரக நோய் முற்றிப்போய் 1853 செப்டம்பர் 8இல் மார்செய்யில் உயிர் பிரிந்தது. வயது 40தான். நமக்கு அன்று வேளாங்கண்ணித் திருநாள், மாதா பிறந்தநாள். அதனால் அவருடைய நினைவு நாளை 9ஆம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்கில் சப்பரம் தூக்கிய அசதியில் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. 1997இல் நோத்ர தாமில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு முந்திய படி அது. புனிதராக இன்னொரு புதுமை, அதாவது அற்புதம், வேண்டும்.

என் மாமா வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். அவர் பெயரைச் சொல்லிச் செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் செபித்தேன். அந்த வேதனை என்னவென்று ஓசானாமுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.