குளிர்நாட்டில் பிக்கப்புக்கு டயர், டிஸ்க் அளவு பார்ப்பது: கனடாவின் கால்கரிக்கு வரும் வேலூர்க்காரர்களுக்கு

ஊரில் பொலேரோ பிக்கப்புக்கு டயர் தேய்ந்தால் காட்பாடி ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தினால் போதும். அதே அளவில் நாலு டயர், வருஷம் முழுக்க அதுவே ஓடும். கால்கரியில் அப்படி முடியாது. 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். மலை தாண்டி பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போனால் அக்டோபர் 1 முதல் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் பனி டயர் கட்டாயம். அதனால் இரண்டாவதாக ஒரு செட், டிஸ்க்கோடு (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) வாங்க வேண்டி வருகிறது. தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பழைய வண்டியில் ஏற்கெனவே யாராவது டயரை மாற்றியிருக்கலாம். நம்ப வேண்டியது ஸ்டிக்கரைத்தான். 275/65ஆர்18 என்றிருந்தால் அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 65 சதவீதம், டிஸ்க் 18 அங்குலம். 275-ஐ 0.65-ஆல் பெருக்கி இரட்டித்தால் 357.5. அதோடு 18 அங்குலத்துக்கு 457.2. மொத்த உயரம் சுமார் 815 மில்லிமீட்டர். புது அளவின் உயரம் இதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 275/70ஆர்18 போட்டால் 842 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-ஐத் தாண்டி ஓடும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு.

பனிக்கு அகல டயர் வேண்டாம். ஒல்லியான டயர்தான் பனியை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். 275/65ஆர்18 இருந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு 265/70ஆர்17 நல்ல தேர்வு. உயரம் 803, வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். 17 அங்குல டயர் விலையும் பெரும்பாலும் குறைவு. உப்புக் கொட்டும் ரோட்டுக்கு இரும்பு டிஸ்க்கே போதும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ முத்திரை இருக்கிறதா பாருங்கள்; பனி டயருக்கு அதுதான் அடையாளம்.

பழைய டிஸ்க் வாங்கும்போது ஆறு ஓட்டை என்று மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். எஃப்-150-க்கு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு 135 மில்லிமீட்டர், செவர்லே சில்வராடோ 1500 பிக்கப்புக்கு 139.7. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடு ஓட்டையும் வேறு: ஃபோர்டுக்கு 87.1, சில்வராடோவுக்கு 78.1. அடுத்தது ஆஃப்செட்: டிஸ்க்கின் அகலத்தில் நடுக்கோட்டிலிருந்து, வண்டியில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. அதே அகலத்தில் 44 இருந்த இடத்தில் 0 போட்டால் சக்கரம் 44 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் வீல் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

சுமை ஏற்றுபவர்கள் லோடு இண்டெக்ஸையும் (டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்) பார்க்க வேண்டும். 115 என்றால் ஒரு டயருக்கு 1,215 கிலோ. ஆனால் கார் வகை டயரை பிக்கப்பில் போடும்போது அதை 1.1-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 1,104. சிமெண்டு மூட்டையும் டைல்ஸும் ஏற்றுகிறவர்களுக்கு எல்டி (லைட் டிரக்) டயர் நல்லது. அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள 35 பிஎஸ்ஐயையே அடித்தால் அதே சுமையைத் தாங்காது.

வேலூர் வெயிலில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே அது ஆகவே ஆகாது. வெப்பம் ஐந்தரை டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ போகும். 20 டிகிரி கராஜில் 35 அடித்த டயர், வெளியே மைனஸ் 25-இல் 27-க்கு வந்து நிற்கும். குளிர்ந்த டயரில், வெளியே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மாட்டும்போது ஹப் முகத்தில் (வண்டியில் டிஸ்க் உட்காரும் இடம்) படிந்திருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். துருமேல் டிஸ்க் உட்கார்ந்தால், அந்தத் துரு நொறுங்கியதும் நட்டு தளர்ந்துவிடும். நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். 2015-க்குப் பிந்தைய எஃப்-150-க்கு 204 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால் (முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்). இம்பாக்ட் கன் அடித்ததோடு விட வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னி பழைய 18 அங்குலத்திலேயே இருந்தால், அதை மாட்டிய நிலையில் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் டிரைவ் போடாதீர்கள். உயரம் மாறிய ஒற்றைச் சக்கரம் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கும்.