முழங்கைக்குள் ஒரு மொச்சைக்கொட்டை

தண்டையார்பேட்டையில் என் பிசியோ கிளினிக்குக்கு வரும் பாக்ஸிங் பையனுக்கு வலது முழங்கை அடிக்கடி மாட்டிக்கொள்ளும். "நீட்டவும் முடியல, மடக்கவும் முடியல யக்கா. உதறுனா டக்குனு உட்டுடுது." நானும் மூன்று வாரம் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை கொடுத்துக்கொண்டே இருந்தேன். என் தப்புதான். எக்ஸ்ரேவை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், மூட்டுக்குள் மொச்சைக்கொட்டை மாதிரி வெள்ளையாக ஒரு துணுக்கு.

எலும்பு டாக்டர் ஆர்த்ரோஸ்கோபி செய்யலாம் என்றார்: சின்ன ஓட்டை போட்டு, கேமரா வைத்த குழாயை மூட்டுக்குள் விட்டுச் செய்யும் ஆபரேஷன். பையனின் அம்மா நேராக என்னிடம் வந்தார். "நீ படிச்சவ, சொல்லும்மா. பண்லாமா?" அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுக் கட்டுரைகளோடு உட்கார்ந்தேன்.

1931-இல் மைக்கேல் பர்மன் என்ற மருத்துவர் சடலங்களில் முயன்று பார்த்துவிட்டு, இடம் ரொம்பக் குறுகல், முழங்கை இதற்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார். குறுகல் உண்மைதான். இன்றும் சலைன் ஏற்றி மூட்டை உப்பவைத்துத்தான் குழாயை விடுகிறார்கள். பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது. 1980-களுக்குப் பிறகு கட்டுரைகள் குவிந்தாலும் பெரும்பாலானவை நாலாம் படி ஆதாரம்: சர்ஜன் தன்னுடைய நோயாளிகளை வரிசைப்படுத்தி, தேறிவிட்டார்கள் என்று எழுதுவது. ஒப்பிட்டுப் பார்க்க எதிரணியே கிடையாது. முட்டி, தோள் அளவுக்கு நடக்கிற ஆபரேஷனும் இல்லை, ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம்.

2012-இல் ஒரு தொகுப்பாய்வு இதையெல்லாம் எடைபோட்டது. முடக்குவாதத்துக்கும் டென்னிஸ் எல்போவுக்கும் (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநார் வலி) 'பி' கிரேடு, அதாவது ஓரளவு நல்ல ஆதாரம். துணுக்கு எடுப்பதற்கு 'சி', அதாவது பலவீனமான ஆதாரம். கிரேடை மட்டும் பார்த்தால், எம்.சி. ரோட்டில் நாள் முழுக்கப் புடவை பிரித்து மடிக்கும் என் டென்னிஸ் எல்போ அக்காவைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். எனக்கு நேர்மாறாகப் பட்டது. கதவிடுக்கில் கல் மாட்டினால் எடுக்கத்தானே வேண்டும், அதற்கு ஆய்வு எதற்கு? டென்னிஸ் எல்போ அப்படியில்லை. பலருக்குத் தானாகவே அடங்கும், பெயர் ஆபரேஷனுக்குப் போய்விடும். 2018-இல் ஆஸ்திரேலியாவில் 26 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குத் திறந்து பார்த்துவிட்டு தசைநாரில் கைவைக்காமலே தைத்தார்கள். அது ஓட்டை போட்டுச் செய்வதில்லை, திறந்து செய்வது, ஆய்வும் சின்னது. ஆனாலும் நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இவர்களைவிட மேலாகத் தேறவில்லை.

அம்மாவிடம் சொன்னேன்: "பண்ணிடலாம்மா. டாக்டர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, வருஷத்துக்கு எத்தன முழங்கை பண்றீங்கன்னு." அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலேயே 473 ஆபரேஷனில் 12 தடவை நரம்பு கொஞ்ச காலம் செயலிழந்து மீண்டிருக்கிறது. 2001-இல் அவர்களே எழுதியது.

போன வாரம் பையன் சின்ன பாட்டிலில் போட்டு எடுத்து வந்தான். ஒன்றில்லை, இரண்டு துணுக்கு. புடவைக் கடை அக்கா பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்.

"எனக்கும் இதே மாதிரி எடுப்பாங்களா?"

"உனக்குள்ள எடுக்க ஒண்ணுமே இல்லக்கா."

முகம் தொங்கிவிட்டது. பாட்டிலை வைத்துவிட்டு ஒரு கிலோ டம்பெல்லைக் கையில் எடுத்தார்.