ஓசூர்ப் பட்டறைக்கு ராணுவ ஆர்டர்: பதிவு முதல் பணம் வரும் வரை

ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட் வந்ததும் சிப்காட் டீக்கடைகளில் இதே பேச்சுதான்: "டிஃபென்ஸுக்கு இத்தனை லட்சம் கோடி ஒதுக்கிட்டாங்க, நமக்கு ஏதாவது வருமா?" வரும். ஆனால் எந்த வழியாக, எத்தனை கைமாறி, எவ்வளவு மெதுவாக வரும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். நான்கு வி.எம்.சி. (கணினி இயக்கும் மில்லிங் இயந்திரம்), இரண்டு சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்), 22 ஆட்கள் கொண்ட பட்டறையை வண்டி உதிரிபாகத்திலிருந்து இந்தப் பக்கம் திருப்பியபோது கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், தருமபுரிப் பக்கம் இதே அளவில் பட்டறை நடத்துபவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் அந்தப் பெரிய தொகை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. சம்பளம், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் போக, மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. அதற்குள் புதுத் தளவாடம் வாங்க 1.48 லட்சம் கோடி. இதில் முக்கால் பங்கை, அதாவது 1.11 லட்சம் கோடிக்கு மேல், உள்நாட்டில்தான் வாங்க வேண்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மைத் தொடுகிற எண் இதுதான்.

இந்தப் பணம் நேராக நம் வாசலுக்கு வருவதில்லை. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடிக்கு அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உடன் ஒப்பந்தம் போட்டார்கள். எச்.ஏ.எல். அதைப் பெரிய பாகங்களாகப் பிரித்துத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் அதை இன்னும் சிறிதாக்கி ப்ராக்கெட், ஹவுசிங், புஷ், ஷிம் என்று வெளியே விடுகிறார்கள். நம் பட்டறை நிற்பது இந்த மூன்றாவது படியில். பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்), ஆவடி டாங்கித் தொழிற்சாலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே அடுக்குதான்.

ஓசூரைத் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடக்க விழா நடந்தது. வழித்தடத்தில் இருப்பதால் ஆர்டர் வந்துவிடாது. மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ நடத்தும் சந்திப்புகளில் வாங்குபவர்களை நேரில் பார்க்கலாம், அவ்வளவுதான். நமக்கு உண்மையான அனுகூலம் வேறு: பெங்களூரு எச்.ஏ.எல். வாசல் நம்மிடமிருந்து நாற்பது கிலோமீட்டர்ச் சுற்றளவில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் மேசை முன் நிற்கலாம்.

பலர் பயப்படுவது லைசென்ஸுக்கு. டாங்கி, போர் விமானம், போர்க்கப்பல், ஆயுதம், வெடிமருந்து போன்றவற்றை முழுதாகச் செய்வதற்குத்தான் தொழில் உரிமம் வேண்டும். உதிரிபாகம், வார்ப்பு, ஃபோர்ஜிங், சோதனைக் கருவி போன்றவற்றை 2014-லேயே உரிமப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் வேலைக்கு அது தேவையில்லை.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு) கட்டாயம் வேண்டும். இதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஆரம்பத்தில் அவசரத்துக்கு யாரோ போட்டுக் கொடுத்த பதிவில் தொழில் வகை 'வர்த்தகம்' என்று இருக்கும். அல்லது உற்பத்தி என்று இருந்தாலும் நாம் செய்யும் பொருளுக்கான குறியீடு இருக்காது. டெண்டரில் சிறு நிறுவனச் சலுகை கேட்டால் அங்கேயே தள்ளிவிடுவார்கள். வர்த்தகர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. குறியீட்டைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

சலுகை சாதாரணமானதல்ல. அரசு நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு, 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு. முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்று 100 ரூபாய் போட்டு எல்-1 (மிகக் குறைந்த விலை போட்டவர்) ஆகிறது, நாம் 113 போட்டிருக்கிறோம் என்றால், 15 விழுக்காட்டுக்குள் இருப்பதால் நம்மைக் கூப்பிட்டு "100-க்குச் செய்கிறாயா?" என்று கேட்க வேண்டும். ஒத்துக்கொண்டால், ஆர்டரைப் பிரிக்க முடிகிற பொருளில் குறைந்தது கால் பங்கு நமக்கு. எல்-1 வந்ததே இன்னொரு சிறு நிறுவனம் என்றால் இந்த வழி கிடையாது.

ஆனாலும் முதல் இரண்டு வருடம் நேரடி டெண்டர் பக்கம் போக வேண்டாம் என்றுதான் சொல்வோம். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றிச் சேமித்தால்கூட டிஃப்ப்ராக் என்ற ராணுவ டெண்டர் தளம் ஏற்காது; கடைசி ஒரு மணி நேரத்தில் பதிவேற்றினால் தளம் தொங்கும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது தாமத அபராதம். வாரத்துக்கு அரை விழுக்காடு, அதிகபட்சம் 10 விழுக்காடு என்பதுதான் வழக்கமான ஷரத்து. முதல் பாகத்திலேயே இரண்டு மாதம் சிக்கினால் லாபம் மொத்தமும் அதில் போய்விடும். எச்.ஏ.எல்., பெல் ஆர்டர்களை ஏற்கெனவே வைத்திருக்கும் நடுத்தர நிறுவனத்திடம் ஜாப் வொர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) எடுத்துக் கை பழகுவது நல்லது. இறக்குமதிக்கு மாற்று செய்ய விரும்புபவர்கள் ஸ்ரீஜன் தளத்தைப் பாருங்கள். அரசு நிறுவனங்கள் வெளிநாட்டில் வாங்கிய பாகங்கள் பல்லாயிரக்கணக்கில் படத்தோடும் வாங்கிய விலையோடும் அங்கே கிடக்கின்றன. விலையைவிட ஆண்டுத் தேவையை முதலில் பாருங்கள். வருடத்துக்கு இரண்டே எண்ணிக்கை என்றால் விட்டுவிடலாம்.

அடுத்தது தரச் சான்று. தரை வாகனம், மின்னணுப் பெட்டி, தாங்கி வகைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 9001 போதும். பறக்கும் பாகம் என்றால் விமானத் துறைத் தரச் சான்றான ஏ.எஸ். 9100 கேட்பார்கள். அதை வாங்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. கன்சல்டன்ட் கோப்புகளை அடுக்கிக் கொடுத்துவிடுவார். ஆடிட்டர் பார்ப்பது கோப்பை அல்ல. அலமாரியிலிருந்து ஒரு பாகத்தை எடுப்பார். "இது எந்த ஹீட்?" என்பார்; ஆலையில் எந்த உருக்குத் தொகுதியில் வந்த உலோகம் என்று அர்த்தம். பாகத்தின் டேக்கிலிருந்து ரூட் கார்டு (பாகம் கடந்த வேலைகளின் பதிவு அட்டை), அதிலிருந்து வெட்டிய பில்லெட் (உலோகக் கட்டி), அதிலிருந்து மில்லின் சோதனைச் சான்று, அதிலிருந்து நாம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபில் மறுபடி சோதித்த அறிக்கை என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். எங்கே அறும் தெரியுமா? ரம்பத்தில். பிளேட்டின் ஓரத்தில் ஹீட் எண் அடித்திருக்கும். ஆபரேட்டர் அந்த ஓரத்தையே முதலில் வெட்டி எடுத்துவிடுவார். மிச்சப் பிளேட் அந்த நிமிடமே பெயர் தெரியாத அலுமினியம் ஆகிவிடும். வெட்டுவதற்கு முன் மிச்சத்தில் எண்ணைப் பஞ்ச் செய், பிறகுதான் ரம்பத்தை இறக்கு என்பதைப் பழக்கமாக்க மூன்று மாதம் ஆனது. மெட்டீரியல் கடைக்காரர் தரும் நகலெடுத்த சான்றில் ஹீட் எண் மங்கியிருந்தால் சரக்கை இறக்கவே வேண்டாம்.

டிராயிங் விஷயத்திலும் பழைய பழக்கம் செல்லாது. ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தான் டிராயிங் கொடுப்பார்கள். அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் முலாம் போடுபவருக்கு அனுப்பினால் பதிவே ரத்தாகலாம். வெளிவேலைக்குத் தேவையான அளவுகளை மட்டும் போட்டுத் தனிப் படம் வரைந்து கொடுங்கள்.

இனி முதல் பாக ஆய்வு, அதாவது முதலில் செய்த பாகத்தை டிராயிங்கோடு முழுதாக ஒப்பிட்டுப் பார்ப்பது. மொத்தத்தில் அதிகம் பேர் விழும் இடம் இது. டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு குறிப்புக்கும் வட்டம் போட்டு எண் கொடுத்து, ஏ.எஸ். 9102 தரநிலைப்படி மூன்று படிவங்களில் பதிய வேண்டும்: பாகத்தின் விவரம், மெட்டீரியலும் சிறப்புச் செயல்முறைகளும், அளந்த எண்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் "கூர் விளிம்புகளை 0.2 உடைக்கவும்" என்பதற்கும் ஒரு வட்டம் உண்டு. எங்கள் முதல் ப்ராக்கெட்டுக்கு 118 வட்டங்கள்.

அந்த ப்ராக்கெட்டுக்கு எடுத்தது 300 × 180 × 60 மி.மீ. கட்டி, 6061 ரக அலுமினியம். எடை 8.75 கிலோ. முடிந்த பாகம் 1.1 கிலோ, மற்றதெல்லாம் சீவல். இவ்வளவு குடைந்தால் உள்ளே இருக்கும் இறுக்கம் வெளியே வந்து பாகம் வாழைப்பழம்போல வளையும். அந்த அலுமினியத்தில் டி6 வகையை வாங்காதீர்கள், டி651 வாங்குங்கள். அது ஆலையிலேயே இழுத்து இறுக்கம் தளர்த்தியது. அதிலும் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் 1 மி.மீ. விட்டு ரஃப் செய்து, கிளாம்பைக் கழற்றி, ஓர் இரவு வைத்து, தளத்தை மறுபடி ஒரு முறை வழித்துவிட்டுத்தான் ஃபினிஷ்.

அதே பாகத்தில் 20 எச்7 துளை (20 மி.மீ. விட்டம், எச்7 என்ற துல்லியத் தரம்) ஒன்று. 20.000 முதல் 20.021 வரை இருக்கலாம். மெஷினில் அளந்தால் 20.010, அழகாக நடுவில். ஹார்டு அனடைசிங் (அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் வளர்க்கும் கடினப் படலம்) 50 மைக்ரான் போட்டு வந்த பிறகு பிளக் கேஜ் (துளையின் அளவைச் சோதிக்கும் கட்டை) நுழையவே இல்லை. துளையை அளந்தால் 19.960. காரணம் இதுதான்: 50 மைக்ரான் படலத்தில் ஏறக்குறையப் பாதி உலோகத்துக்குள் இறங்கும், பாதி வெளியே வளரும். சுவருக்கு 25 என்றால் விட்டத்தில் 50 குறையும். வண்டி வேலையில் கறுப்பாக்கல், பாஸ்பேட்டிங் பழகிய கைக்கு இது உறைக்காது. டிராயிங்கின் அளவு படலத்துக்கு முன்பா, பின்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்பு என்றால் 20.060-க்குத் துளையைக் குடைய வேண்டும், அல்லது துளையை அடைத்துவிட்டு அனடைஸ் செய்ய வேண்டும். மரையில் இது நான்கு மடங்கு: பக்கத்துக்கு 25 மைக்ரான் வளர்ந்தால் பிட்ச் விட்டம் (மரையின் நடு விட்டம்) 100 மைக்ரான் குறையும். எம்6 மரைக்கு 6எச் என்ற துல்லியத் தரம் தரும் இடமே 150 மைக்ரான்தான். மரைகளை ரப்பர் பிளக் போட்டு அடைத்தே அனுப்புங்கள்.

அளக்கும்போது சூடு. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். ஓசூரில் பரவாயில்லை என்று நினைப்போம். ஏப்ரலில் தகரக் கூரைக்கடியில் 34 டிகிரி வரும். அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்குச் சொன்னவை. 14 டிகிரி வித்தியாசத்தில் 300 மி.மீ. நீளம் கிட்டத்தட்ட 0.097 மி.மீ. கூடிவிடும். டாலரன்ஸ் (அனுமதித்த விலகல்) ±0.05 என்றால் நல்ல பாகம் ரிஜெக்ட் ஆகும், கெட்டது பாஸாகும். சி.எம்.எம். (துல்லியமாக அளவெடுக்கும் இயந்திரம்) இருக்கும் ஏ.சி. அறையில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளக்கிறோம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பட்டறைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

வாங்குபவர்கள் ஏற்றுக்கொண்ட அனடைசிங், கேட்மியம் முலாம் கடைகள் பெரும்பாலும் பெங்களூரு பீன்யா பக்கம். அத்திப்பள்ளி வந்தாலே வேறு மாநிலம். மாநிலம் விட்டு ஜாப் வொர்க்குக்கு அனுப்பும் சரக்குக்கு மதிப்பு 50,000-க்குக் கீழே இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். "நாலு ப்ராக்கெட்தானே" என்று டெலிவரி சலான் மட்டும் போட்டு பைக்கில் கொடுத்தனுப்பினால் வழியில் நிறுத்துவார்கள். கடினப்படுத்திய எஃகுப் பாகத்துக்குக் கேட்மியம் போட்டால், முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் அடுப்பில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் பாகத்தை மொறுமொறுப்பாக்கி, பாரம் ஏறிய பிறகு ஒருநாள் சட்டென்று உடைக்கும். சான்றிதழில் முலாம் முடிந்த நேரமும் அடுப்பில் வைத்த நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இது ஒரு சிப்பாயின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அந்த இரண்டு நேரமும் இல்லாத சான்றை நாங்கள் வாங்குவதில்லை.

விலை போடுவதில்தான் அனுபவசாலிகளே தவறுகிறார்கள். வண்டி வேலையில் சைக்கிள் டைமை (ஒரு பாகம் செய்ய ஆகும் நேரத்தை) மணிக் கட்டணத்தால் பெருக்கினால் முடிந்தது. இங்கே ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்), புரோகிராம், வீணாகும் இரண்டு கட்டிகள், முதல் பாக ஆய்வு, லேப் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,20,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 20,000 பாகம் போகும் வண்டி வேலையில் அது ஒரே மாதத்தில் பாகத்துக்கு 6 ரூபாயாகக் கரைந்துவிடும். ராணுவ ஆர்டர் வருடத்துக்கு 24 எண்ணிக்கை, பாகத்துக்கு 5,000. இதை மறந்து 'ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது' என்று குறைத்துப் போட்ட பட்டறைகள் இரண்டாவது லாட்டுக்கு முன்பே கையை விரித்துவிட்டன. ஒருமுறைச் செலவைத் தனி வரியாகக் காட்டிக் கேளுங்கள். பல வாங்குபவர்கள் தருகிறார்கள்.

பணம் தாமதமாகத்தான் வரும், மெட்டீரியல் வாங்கியதிலிருந்து காசு கையில் விழ ஏழெட்டு மாதத்துக்குத் திட்டமிடுங்கள். சட்டப்படி சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் ஏற்பு ஆய்வே தள்ளிப்போனால் சிக்கல். சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சேர்ந்த நாளே ஏற்ற நாளாகக் கணக்காகும். அதனால் தேதியோடு கையெழுத்து வாங்கிய சலானைப் பத்திரப்படுத்துங்கள். பணத் தாமதப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் செய்வதற்கு முன் ட்ரெட்ஸ் (பில்லை வைத்து வங்கியிடம் பணம் பெறும் இணையதளம்) வழியைப் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவாகியிருக்கிறது. அவர்கள் பில்லை ஏற்றால் வங்கி சில நாளில் பணம் தந்துவிடும்.

மறு ஆர்டர் வரும்போது டிராயிங்கின் திருத்த எழுத்தைப் பாருங்கள். 'சி' இருந்த இடத்தில் 'டி' இருந்தால் மாறிய அளவுகளுக்கு மறுபடி முதல் பாக ஆய்வு செய்ய வேண்டும். எழுத்து மாறாவிட்டாலும், கடைசியாகச் செய்து இரண்டு வருடம் தாண்டிவிட்டால் அந்த இடைவெளியால் பாதிக்கப்படக்கூடிய அளவுகளுக்கு ஆய்வைப் புதுப்பித்தாக வேண்டும். ஃபிக்சரைப் பழைய இரும்பில் போடாமல் எண்ணெய் தடவி, பாக எண் டேக் கட்டி ரேக்கில் ஏற்றுங்கள். அந்த ஹீட்டின் மிச்சத் துண்டும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.