பேஸ்பால் கார்டுக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் போதுமா?

வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கார்டு திருடு போனால் அதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்டு (விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) சேர்க்கிற நிறையப் பேர் நம்புகிறார்கள். பாலிசியை எடுத்து, சில வகைப் பொருட்களுக்கு மட்டும் தனி உச்சவரம்பு சொல்லும் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உதாரணமாக, அமெரிக்க வீட்டு இன்ஷூரன்ஸின் வழக்கமான படிவமான ஹெச்ஓ-3-இல் நகை திருட்டுக்கு 1,500 டாலர்தான். சில கம்பெனிகள் தபால்தலை, காமிக்ஸ், டிரேடிங் கார்டு மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து, மொத்தத்துக்கும் சில ஆயிரம் டாலரோடு நிறுத்திவிடும். அப்படி வரம்பே இல்லாத பாலிசியிலும் டிடக்டிபிள், அதாவது இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, கழியும். கார்டின் விலை என்ன என்ற வாக்குவாதம் திருட்டுக்குப் பிறகுதான் தொடங்கும்.

இன்னொரு சிக்கல், ஈபேயில் விற்பவர்களுக்கு. அவ்வப்போது வாங்கி விற்கிறவர் என்று தெரிந்தால், க்ளெய்ம் பார்க்க வருகிறவர் உங்கள் கார்டுகளைத் தொழில் சரக்கு என்று வகைப்படுத்தலாம். வீட்டில் வைத்திருக்கும் தொழில் பொருட்களுக்கு அந்தப் படிவத்தில் 2,500 டாலர்தான் வரம்பு. விற்பதற்கானவற்றையும் சேமிப்பையும் வேறு வேறு பெட்டியில், வேறு வேறு பட்டியலில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, இருக்கிற வீட்டு பாலிசியோடு ஒவ்வொரு கார்டையும் பெயர், விலையோடு எழுதிச் சேர்க்கும் இணைப்பு. விலை உயர்ந்த கார்டு நாலைந்து மட்டும் இருந்தால் இது போதும். ஆனால் க்ளெய்ம் போட்டால் அது வீட்டு பாலிசியின் கணக்கில் ஏறும், அடுத்த வருஷ பிரீமியத்தில் தெரியலாம். இரண்டாவது, சேகரிப்புப் பொருட்களுக்கென்றே உள்ள கம்பெனிகளின் தனி பாலிசி. கார்டு நிறைய இருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பேசி முடித்த தொகையைத் தருவீர்களா, அன்றைய சந்தை விலையையா? எத்தனை டாலருக்கு மேல் போனால் கார்டைத் தனியே குறிப்பிட வேண்டும்? கார்டு ஷோவிலும் (கார்டு விற்பனைக் கண்காட்சி), தபாலிலும், கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் (கிரேடு) தரும் கிரேடிங் கம்பெனியிலும் இருக்கும்போது பாதுகாப்பு உண்டா? ஆள் இல்லாத காரில் இருந்து திருடு போனால் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பல பாலிசிகளில் இல்லை என்றுதான் பதில் வரும். எப்போது, எப்படிக் காணாமல் போனது என்று சொல்லத் தெரியாத இழப்பையும் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. நிறம் மங்கியதற்கும் பூச்சி அரித்ததற்கும் பொதுவாகத் தரமாட்டார்கள்.

பாலிசியை விட முக்கியம் பட்டியல். டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு எஸ்ஜிசி என்ற கிரேடிங் கம்பெனி பத்துக்கு 9.5 கொடுத்திருந்தது. அதே கார்டு மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்து 1 கிரேடில் இருந்தால் சில பத்தாயிரம் டாலரோடு சரி. ஆகவே ‘மேன்டில், 1952’ என்று எழுதிவைத்த பட்டியலால் பிரயோஜனம் இல்லை. ஆண்டு, தயாரிப்பாளர், கார்டு எண், எந்த வகை, கிரேடு கொடுத்த கம்பெனி, கிரேடு, ஸ்லாபின் (கிரேடு செய்த கார்டை அடைத்து மூடிய பிளாஸ்டிக் உறை) லேபிளில் உள்ள சான்று எண், வாங்கிய தேதி, விலை, ரசீது இத்தனையும் வேண்டும். சான்று எண்தான் போலீஸ் அறிக்கையில் சீரியல் நம்பர் மாதிரி பயன்படும்.

திருடுகிறவனுக்கும் இது தெரியும். ஸ்லாபை உடைத்துக் கார்டை வெளியே எடுத்துவிட்டால் எண் போயிற்று. அதனால் கார்டையே அடையாளம் காட்டும் படம் வேண்டும். இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பார்டர் எந்தப் பக்கம் அகலம், மையில் விழுந்த சிறு புள்ளி எங்கே, எந்த மூலையில் நார் பிரிந்திருக்கிறது, வெட்டிய ஓரம் எங்கே சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். பழைய கார்டுகளில் இந்தக் குறைகள் ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு அப்படியே இருக்காது. வேறு ஸ்லாபில் ஏலத்துக்கு வந்தாலும் இது உங்களுடையது என்று காட்ட முடியும். படங்களும் பட்டியலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், கார்டோடு கம்ப்யூட்டரும் போகும் நாளில் எதுவும் மிஞ்சாது. கிளவுடில் ஒரு பிரதி கட்டாயம்.

பெட்டகம் வாங்கும்போது நிறையப் பேர் ஏமாறுவது தீத் தடுப்பு ரேட்டிங்கில். பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யூஎல் தரும் ரேட்டிங்கில் 350 என்றால், தீயிலும் உள்ளே வெப்பம் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கும் என்று அர்த்தம். காகிதம் அதைத் தாங்கும். ஸ்லாபின் பிளாஸ்டிக் அதற்கு வெகு முன்பே இளகி வளைந்துவிடும். கார்டுக்கு யூஎல் 125 வகைதான் சரி. தீத் தடுப்பு ரேட்டிங் திருட்டைத் தடுக்காது, அதற்கு ஆர்எஸ்சி, டிஎல்-15 என்று தனி ரேட்டிங் உண்டு. 750 பவுண்டுக்குக் குறைவான பெட்டகத்தைக் கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தீத் தடுப்புப் பெட்டகத்தின் சுவருக்குள் அடைத்த பொருள் ஈரம் விடும், க்ரோம் எனப்படும் பளபளப்புப் பூச்சுள்ள கார்டுகள் வில்லாக வளையும். சிலிக்கா ஜெல் போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து, 45 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். வங்கி லாக்கர் நல்ல இடம்தான், ஆனால் எஃப்டிஐசி என்ற அமெரிக்க அரசு அமைப்பு வங்கிகளுக்குத் தரும் காப்பீடு டெபாசிட் பணத்துக்கு மட்டுமே. லாக்கரில் இருப்பதற்குக் கிடையாது.

கார்டு அதிகம் தொலைவது பயணத்தில். 2024 ஏப்ரலில் ஒஹையோவின் ஸ்ட்ராங்ஸ்வில்லில் நடந்த ஷோவுக்காக ஒரு வியாபாரி ஹோட்டலுக்கு அனுப்பிய பார்சல் ஹோட்டலிலேயே காணாமல் போனது. உள்ளே சுமார் 20 லட்சம் டாலர் கார்டுகள். ஹோட்டல் ஊழியர் கைதானார். விலை உயர்ந்த பார்சலை ஹோட்டல் கவுன்ட்டருக்கு அனுப்பவே கூடாது. கூரியர் கம்பெனியின் சொந்த மையத்தில் நிறுத்திவைக்கச் சொல்லி, அடையாள அட்டை காட்டி நீங்களே வாங்குங்கள்.

கூரியரில் நீங்கள் எழுதும் ‘அறிவிக்கப்பட்ட மதிப்பு’ இன்ஷூரன்ஸ் அல்ல, அவர்களுடைய பொறுப்பின் எல்லை மட்டுமே. ஃபெடெக்ஸ் விதிகளில் சேகரிப்பு கார்டுகளுக்கு அந்த எல்லை 1,000 டாலர்; அதற்கு மேல் எழுதினாலும் பயனில்லை. அமெரிக்கத் தபால் துறையின் ரெஜிஸ்டர்டு மெயில் மெதுவாகப் போகும், ஆனால் கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து உண்டு, 50,000 டாலர் வரை காப்பீடும் உண்டு. அதற்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் கவுன்ட்டரில் திருப்பிவிடுவார்கள். ஒட்டிய விளிம்புகளின் மேல் முத்திரை மை ஏறி ஊற வேண்டும் என்பதால் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்பைப் பயன்படுத்துங்கள். கிரேடிங்குக்கு அனுப்பும்போது, மலிவான கட்டணத்துக்கு ஆசைப்பட்டு 3,000 டாலர் கார்டை 400 என்று எழுதாதீர்கள். தொலைந்தால் கையில் வருவது அந்த 400-ஐ ஒட்டித்தான்.

திருடு போய்விட்டால் முதலில் போலீஸ் அறிக்கை, சான்று எண்கள் அனைத்தையும் அதில் ஏற்றச் சொல்லி. அன்றே இன்ஷூரன்ஸுக்குத் தகவல். பிறகு கிரேடிங் கம்பெனி, ஏல நிறுவனங்கள், பக்கத்து ஊர்க் கார்டு கடைகள் எல்லோருக்கும் ஸ்கேன்களை அனுப்புங்கள். கம்பெனி கேட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கையொப்பமிட்ட இழப்பு அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று ஹெச்ஓ-3 சொல்கிறது. தனி பாலிசிகளில் கெடு வேறாக இருக்கலாம். எத்தனை நாள் என்பதைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.